எதை உடைக்கலாம், எதைக் காக்க வேண்டும்: ஜாம் ஆன பழைய பைக்கைப் பிரிப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் நாற்பது வருஷம் கிடந்த பைக்கில் ரப்பர் எல்லாம் வெடித்துத் தூளாகியிருக்கும். ஆனால் ஸ்பானர் வைத்தால் நட் கழன்று வந்துவிடும். மெரிபேங்க், பிளஃப், இசிபிங்கோ மாதிரி டர்பன் கடலோரக் கராஜில் பத்து வருஷம் நின்ற வண்டி அப்படியில்லை. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று அரித்துக் கவ்விக்கொண்டிருக்கும். இந்தப் பதிவு இரண்டாவது ரகத்துக்கு.

உதாரணத்துக்கு பிஎஸ்ஏ எம்20 என்ற பிரிட்டிஷ் பைக்கை எடுத்துக்கொள்கிறேன். 1937 முதல் 1955 வரை வந்த சைட் வால்வ் சிங்கிள் (ஒற்றை சிலிண்டர், வால்வுகள் அதன் பக்கத்தில்), 496 சிசி, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 82 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 94 மி.மீ. இரண்டாம் உலகப் போருக்காக லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டதால் இன்றைக்கும் இதற்குப் பாகம் தேட முடிகிறது. ஒன்று மட்டும்: 1913 முதல் 1936 வரை நடந்த டர்பன்–ஜோஹானஸ்பர்க் பந்தயத்தின் நினைவாக ஓடும் டிஜே ரன்னில் 1936 முடிவுக்குள் செய்த வண்டிகளுக்குத்தான் இடம். அந்தக் கனவோடு எம்20 வாங்காதீர்கள், ஒரு வருஷத்தில் தவறிப்போன வண்டி அது.

ஸ்பானரைத் தொடும் முன் செய்ய வேண்டிய வேலை, எது இன்னும் கிடைக்கிறது, எது கிடைக்காது என்று ஒரு நோட்டில் எழுதுவது. ஜாம் என்றால் இரண்டு பாகம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த இரண்டில் எது சுலபமாகக் கிடைக்குமோ அதைத்தான் பலி கொடுக்க வேண்டும். பிஸ்டன் கிடைக்கும், அது ஓடும் பேரல் (சிலிண்டர்) கிடைப்பது கஷ்டம், பிஸ்டனை உடை. நட் கிடைக்கும், ஷாஃப்ட் கிடைக்காது, நட்டைப் பிள. ஸ்பிண்டிலை (முன் ஃபோர்க் லிங்க்கில் போகும் தண்டு) லேத்தில் செய்துகொள்ளலாம், ஃபோர்க் லிங்க்கைச் செய்ய முடியாது, ஸ்பிண்டிலை அறு. எவ்வளவு பலம் போடலாம் என்பதைக் கோபம் தீர்மானிக்கக் கூடாது, இந்த நோட்டு தீர்மானிக்கட்டும். பெரும்பாலான வண்டிகள் நாசமாவது துருவினால் அல்ல, நோட்டு எழுதாமல் எடுத்த சுத்தியலால்.

எழுதும்போது இன்ஜின் நம்பர், ஃபிரேம் நம்பர் இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். போர்க்கால வண்டிகளில் டபிள்யூஎம்20 என்று ஆரம்பிக்கும். ராணுவப் பட்டறைகளில் இன்ஜினை மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள், இரண்டும் ஒரே வருஷமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இன்ஜின் பாகத்தை இன்ஜின் நம்பரை வைத்தும், மற்றதை ஃபிரேம் நம்பரை வைத்தும் கேளுங்கள்.

பிஸ்டன்

சைட் வால்வில் ஒரு வசதி: ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடி) தூக்கினால் பிஸ்டன் தலையும் இரண்டு வால்வும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து பிஸ்டன் மேல் ஊற்றுங்கள். இரண்டும் முழுசாகக் கலக்காது, ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். பெயிண்டில் பட்டால் உரிந்துவிடும். பக்கத்தில் நெருப்பே ஆகாது. மட்டத்தைப் பேனாவால் குறித்துவிட்டு விடுங்கள். மறுநாள் மட்டம் இறங்கியிருந்தால் ரிங்கைத் தாண்டிக் கீழே போகிறது, நல்ல அறிகுறி. அசிட்டோன் மட்டும் ஆவியாகியும் கொஞ்சம் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள். ஒரு வாரமாவது ஊறட்டும்.

அடுத்த கேள்வி, பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது? நடுவில் அல்லது கீழே நின்றால், பேரல் நட்டுகளைக் கழற்றி பேரலையே மேலே தூக்கலாம். பிஸ்டன் பேரலோடு சேர்ந்து ஏறும், கிராங்க் சுற்றிக் கொடுக்கும். மேல் உச்சிக்கு வந்ததும் பேரலுக்கும் கிராங்க்கேஸுக்கும் நடுவில் இடைவெளி கிடைக்கும். பிஸ்டன் போதுமான அளவு கீழே பிடித்திருந்தால் அந்த இடைவெளி வழியாகவே பிஸ்டன் பின்னை (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) எடுத்து, பேரலையும் பிஸ்டனையும் ஒன்றாக மேஜைக்குக் கொண்டுபோய்விடலாம். மேஜையில் பிரஸ் வைத்து வேலை செய்வதற்கும் வண்டியில் குனிந்து அடிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

உச்சியிலேயே பிடித்திருந்தால்தான் தலைவலி. அந்த நிலையில் மேலிருந்து அடிக்கவே அடிக்காதீர்கள். கனெக்டிங் ராட் நேர்கோட்டில் நிற்கிறது, கிராங்க் எந்தப் பக்கமும் சுற்றாது. அடிக்கிற அடி முழுவதும் ராட் கிராங்க்கோடு சேரும் பிக் எண்ட் ரோலரில் போய் இறங்கிப் பள்ளம் போடும். பிஸ்டனை விடுவித்த சந்தோஷத்தில் இன்ஜினைப் பூட்டி ஓட்டினால் கீழே கடகடவென்று சத்தம் வரும். உச்சியைத் தாண்டிக் கொஞ்சமாவது இறங்கியிருந்தால், 81 மி.மீ. விட்டத்தில் கடைந்த கெட்டி மரக்கட்டையை வைத்து அடிக்கலாம். கட்டை பிஸ்டன் விளிம்பில் உட்கார வேண்டும், நடுவில் அல்ல. கிக்கர் மேல் ஏறி நின்று மிதிப்பவர்களை என்ன சொல்வது! அந்தப் பற்சக்கரங்கள் நோட்டில் "கிடைக்காது" பக்கத்தில் இருக்கின்றன. டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கைபலத்தில் முன்னும் பின்னும் ஆட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சூடு வைக்கிற விஷயத்தில் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். 100 டிகிரி ஏறினால் 82 மி.மீ. பிஸ்டன் சுமார் 0.19 மி.மீ. விரியும், பேரல் சுமார் 0.09 மி.மீ.தான். அப்படியென்றால் இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் பிஸ்டன் இன்னும் இறுகும். ஊற்றிய கலவையைச் சுத்தமாகத் துடைத்துக் காயவிட்டு, பேரலை வெளியிலிருந்து நீர்த்துளி சுரீரென்று ஆவியாகும் வரை மட்டும் சூடாக்கி, பிஸ்டன் தலையில் பையில் கட்டிய ஐஸை வைத்து, பேரல் சூடாகவும் பிஸ்டன் குளிர்ந்தும் இருக்கும் அந்தச் சில நிமிஷங்களில் முயல வேண்டும். முதல் தடவையே வராது. சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது துருப் படலம் விரிசல் விடும். பிறகு மறுபடி ஊற வையுங்கள்.

கிரீஸ் கன் முறையைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். ஹெட்டைப் பூட்டி, இரண்டு வால்வும் மூடியிருப்பதை உறுதி செய்து, பிளக் துளையில் அடாப்டர் வைத்துக் கிரீஸை ஏற்றுவது. வேலை செய்யும். ஆனால் இந்த பிஸ்டனின் பரப்பு சுமார் 53 சதுர செ.மீ. 20 பார் அழுத்தத்திலேயே ஒரு டன்னுக்கு மேல் தள்ளும். 100 பாரில் ஐந்து டன்னைத் தாண்டும். கையால் அடிக்கும் சாதாரணக் கிரீஸ் கன் 200 பாரையும் எட்டிவிடும். ஹெட் வெடிக்கும், இல்லையென்றால் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். கன்னுக்கும் அடாப்டருக்கும் நடுவில் ஒரு பிரஷர் கேஜ் போட்டு, 40 பாரில் நிறுத்திவிடுங்கள். கிரீஸ் இல்லையே என்று ஏர் கம்ப்ரஸரை மாட்டாதீர்கள். கிரீஸ் அமுங்காது, பிஸ்டன் நகர்ந்த உடனே அழுத்தம் விழுந்துவிடும். காற்று அப்படியில்லை, விட்டதும் வெடிக்கும்.

எதற்கும் மசியாவிட்டால் பிஸ்டனை உடைக்க வேண்டியதுதான். தலையின் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, வட்டமாக 6 மி.மீ. துளைகளை நெருக்கமாகப் போட்டு, நடுத் துண்டை எடுத்துவிட்டு, மிச்சத்தை உளியால் உள்பக்கமாக மடக்குங்கள். உளி முனை ஒருபோதும் பேரல் சுவரைப் பார்க்கக் கூடாது. ராடைச் சுற்றித் துணி திணித்தாலும் சீவல் கீழே போகத்தான் செய்யும். கிராங்க்கேஸைப் பிரிக்காமல் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

பேரல் கையில் வந்ததும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளந்து பாருங்கள். மாற்று பிஸ்டன்கள் பொதுவாக 0.020, 0.040, 0.060 இன்ச் ஓவர்சைஸில் வரும். 0.060 என்றால் விட்டத்தில் 1.52 மி.மீ., பக்கத்துக்கு 0.76 மி.மீ.தான். துருக்குழி அதைவிட ஆழமென்றால் போரைக் கடைந்து பெரிதாக்கிப் பிரயோஜனம் இல்லை, ஸ்லீவ் என்கிற புது உள்குழாய்தான் போட வேண்டும். வால்வ் பாக்கெட்டுக்கும் போருக்கும் நடுவில் விரிசல் இருக்கிறதா என்று ஸ்லீவுக்குக் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். பிஸ்டன் கைக்கு வரும் வரை போர் பட்டறைக்குப் போகக் கூடாது. பெட்டியில் எழுதிய அளவை நம்பாமல் பிஸ்டனையே அளந்துதான் போரைக் கடைய வேண்டும். பிஸ்டனுக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளிக்கு பிஸ்டன் செய்தவர் சொல்லும் எண்ணே முதல் அத்தாட்சி. அது இல்லையென்றால் 82 மி.மீ. சைட் வால்வுக்கு ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ப்பகுதி) 0.004 முதல் 0.005 இன்ச் நியாயமான தொடக்கம், ஏனென்றால் எக்ஸாஸ்ட் பக்கம் பேரல் கோணலாகச் சூடாகும் இன்ஜின் இது. ரிங் முனைகளின் இடைவெளி, ரிங்கைப் பேரலுக்குள் பிஸ்டனால் நேராகத் தள்ளிவிட்டு அளந்தால், 0.010 முதல் 0.013 இன்ச் இருக்கலாம்.

வேறு வண்டி பிஸ்டனைப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், மூன்று அளவு ஒத்துவந்தால்: போர், பிஸ்டன் பின்னின் விட்டம், அந்தப் பின்னின் மையத்திலிருந்து தலை வரை உள்ள உயரம். பின் சிறியதென்றால் பாஸ்பர் பிரான்ஸ் புஷ் போட்டுச் சரிக்கட்டலாம். உயரம் தவறினால் சமாளிக்க வழி குறைவு. எடையையும் பாருங்கள், வித்தியாசம் அதிகமானால் ஃபிளைவீல் பேலன்ஸ் கெட்டு ஹேண்டில்பாரில் அதிர்வு தெரியும்.

மரைகள்

நம் ஊர் லேத் பட்டறைகளில், ஜேக்கப்ஸானாலும் மோபெனியானாலும், இளைஞர்கள் மெட்ரிக்கில் பழகியவர்கள். பழைய பிரிட்டிஷ் வண்டியில் மூன்று மரை கலந்து கிடக்கும். சைக்கிள் மரை என்கிற சிஇஐ, 60 டிகிரி கோணம், சின்ன சைஸ்களில் இன்ச்சுக்கு 26 மரை. பிஎஸ்எஃப், 55 டிகிரி: 1/4-க்கு 26, 5/16-க்கு 22, 3/8-க்கு 20. விட்வொர்த், அதுவும் 55 டிகிரி: 1/4-க்கு 20, 5/16-க்கு 18, 3/8-க்கு 16. அலுமினியத்துக்குள் போகிற முனையில் பெரும்பாலும் விட்வொர்த்தும், நட் ஏறும் முனையில் மெல்லிய மரையும் இருக்கும்.

ஆபத்தான ஜோடி 1/4 சிஇஐயும் 1/4 பிஎஸ்எஃப்பும். இரண்டும் 26. கையால் திருகினால் ஏறும், இறுக்கினால் இறுகினாற்போலத் தெரியும். கோணம் வேறு என்பதால் மரையின் ஓரம் மட்டும்தான் தொடுகிறது, சூட்டிலும் அதிர்விலும் கழன்றுவிடும். 5/16 துளையில் எம்8 போல்ட்டை முறுக்கி ஏற்றியவர்களின் கைவேலையும் அடிக்கடி கண்ணில் படும். 7.94 மி.மீ.க்கும் 8 மி.மீ.க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்திருப்பார்கள், மரையின் இடைவெளியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு மரை கேஜ் வாங்கி வையுங்கள்.

ஸ்பானரும் அப்படியே. 1/4 விட்வொர்த் ஸ்பானரின் வாய் 0.525 இன்ச், அதாவது 13.3 மி.மீ. 13 நுழையாது, 14 போட்டால் நட்டின் மூலை மழுங்கும். மழுங்கிய நட்தான் அடுத்த நாள் "ஜாம் ஆன நட்" ஆகிறது.

உடைந்த ஸ்டட் வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் மேலே ஒரு நட்டை வைத்து உள்ளே மிக் வெல்டிங் நிரப்பி, சிவப்பு தணிந்த பிறகு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல், பிறகு கழற்றும் பக்கம் என்று ஆட்டுங்கள். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். ஸ்டட் மட்டமாக ஒடிந்திருந்தால் இடது சுற்று டிரில் பிட்டால் நேர் நடுவில் துளையுங்கள், பல சமயம் துளைக்கும்போதே சுற்றி வந்துவிடும். ஈஸி அவுட் என்று விற்கும் கூம்புத் திருகாணி எனக்குப் பிடிக்காது. உள்ளே ஒடிந்தால் அதைவிடக் கெட்டியான இரும்பு எதுவும் இல்லை, டிரில் ஏறாது.

அப்படி ஒடிந்தால் கடைசி வழி படிகாரம். வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிற அதே படிகாரம்தான். வெந்நீரில் இனிக் கரையாது என்கிற அளவு கரைத்து, அலுமினிய கேஸை அதில் வைத்து, கொதிக்கும் முன்னால் இருக்கும் சூட்டிலேயே நிறுத்தினால், இரும்பை மட்டும் கறுப்புக் கசடாக அரித்துவிடும், அலுமினியத்தை ஏறக்குறைய விட்டுவிடும். மணிக்கணக்காகும், சில சமயம் ஒரு நாளைத் தாண்டும். கேஸில் பேரிங், ஸ்டட், இரும்பு புஷ் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது, அவற்றையும் தின்றுவிடும். இரும்புப் பாத்திரம் ஆகாது, கண்ணாடியோ எனாமலோ வேண்டும்.

கர்டர் ஃபோர்க்

முன் ஃபோர்க்கின் ஸ்பிண்டில்களுக்குக் கிரீஸ் போடாமல் விட்டதுதான் எல்லாக் கஷ்டத்துக்கும் மூலம். அடிக்கும் முன் ஒவ்வொரு ஸ்பிண்டிலும் எந்த லிங்க்கில் மரையோடு திருகியிருக்கிறது என்று பாருங்கள். நட்டைக் கழற்றிவிட்டு நேராக அடித்தால் லிங்க்கின் மரை சீவப்படும். லக்குகள் (ஃபோர்க் குழாய்களை இணைக்கும் துண்டுகள்) பித்தளையால் ஒட்டப்பட்டவை. மங்கிய சிவப்பு வரும் முன்பே சூட்டை நிறுத்துங்கள். அசையவே மாட்டேன் என்றால் லிங்க்குக்கும் லக்குக்கும் நடுவில் ரம்பம் விட்டு ஸ்பிண்டிலை அறுத்து, மிச்சத்தை லேத்தில் துளைத்து எடுங்கள்.

புதியதைச் செய்ய பழையதைத்தான் அளக்க வேண்டும், அதற்காகத்தான் அறுத்த துண்டுகளையும் பெயர் எழுதி வைப்பது. அளப்பது புஷ் தொடாத நடுப்பகுதியில், தேய்ந்த இடத்தில் அல்ல. பட்டறைக்குக் கொடுக்கும் தாளில் விட்டம், மொத்த நீளம், ஒவ்வொரு முனையின் மரை வகை, இன்ச்சுக்கு எத்தனை, மரை நீளம், உலோகம் எல்லாம் எழுதுங்கள். இஎன்24 என்ற கெட்டி ஸ்டீல் நல்ல தேர்வு. "இதே மாதிரி ஒன்று" என்று சொல்லிவிட்டு வந்தால் மைல்ட் ஸ்டீலில் மெட்ரிக் மரையோடு வரும், தப்பு அவர்களுடையது இல்லை. பாஸ்பர் பிரான்ஸ் புஷ்ஷை உள்ளே அழுத்திய பிறகுதான் ரீமர் விட வேண்டும், ஏனென்றால் அழுத்தும்போது உள்விட்டம் சுருங்கும். ஸ்பிண்டிலுக்கும் புஷ்ஷுக்கும் 0.001 முதல் 0.002 இன்ச் இடைவெளி போதும்.

மேக்டைனோ

லூகாஸ் மேக்டைனோ (மேக்னெட்டோவும் டைனமோவும் சேர்ந்தது) சுற்றவில்லை என்றால் பாதி நேரம் துரு காரணமில்லை. உள்ளே சுற்றும் ஆர்மச்சரில் பூசிய பழைய அரக்கு வார்னிஷ் சூட்டில் இளகி வழிந்து பசை மாதிரி ஒட்டியிருக்கும். இன்ஜினைக் கொண்டு சுற்ற முயலாதீர்கள். ஆர்மச்சரை வெளியே இழுக்கும் முன் பிக்கப் பிரஷ், எர்த் பிரஷ், சேஃப்டி கேப் (gap) திருகு மூன்றையும் எடுத்தாக வேண்டும். அந்தத் திருகை மறந்தால் ஸ்லிப் ரிங்கின் விளிம்பு சில்லாக உடையும், இந்த மேக்னெட்டோக்களில் அதிகம் சாகிற பாகம் அதுதான். காயில் நன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பழைய கண்டென்ஸரை விட்டுவைக்காதீர்கள். குளிரில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் நின்றுபோகிற வியாதி அதனால்தான். பாயிண்ட் இடைவெளி 0.012 இன்ச்.

அமல் கார்புரேட்டரின் ஸ்லைடு சிக்கியிருந்தால் கொதிநீரில் போட்டு, மர சுத்தியலால் தட்டுங்கள். வைஸில் பிடிக்காதீர்கள், அது துத்தநாகக் கலவை.

துரு எடுத்தல்

கரும்பு நிலத்தில் இருந்துகொண்டு கடையில் விலை உயர்ந்த துரு நீக்கியை வாங்க வேண்டியதில்லை. மாட்டுத் தீவனக் கடையில் மொலாசஸ் கிடைக்கும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், ஒன்று முதல் மூன்று வாரம். நல்ல இரும்பைத் தொடாமல் துருவை மட்டும் பிடித்து எடுக்கும். முதலில் கிரீஸ் போகக் கழுவாவிட்டால் வேலை செய்யாது. பிப்ரவரி வெயிலில் நுரைத்துப் புளிக்கும், வாளியை இறுக்கி மூடாதீர்கள். அக்கம்பக்கத்தார் நாற்றத்துக்குச் சண்டைக்கு வரலாம். அலுமினியமும் துத்தநாகமும் இதில் போகக் கூடாது.

அவசரம் என்றால் மின் முறை. ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் சார்ஜர், பாகத்துக்கு நெகட்டிவ், வீணான இரும்புத் தகட்டுக்குப் பாசிட்டிவ். தகடு ஸ்டெயின்லெஸ் ஆகவே கூடாது, அதிலிருந்து விஷக் குரோமியம் கரையும். ஹைட்ரஜன் கிளம்பும், வெளியில் வைத்துச் செய்யுங்கள். ஸ்பிரிங், கெட்டி போல்ட் எதையும் இதில் போடாதீர்கள், ஹைட்ரஜன் புகுந்து முறியும் தன்மை வந்துவிடும். எந்த முறையானாலும் எடுத்துக் கழுவிய உடனே துடைத்து ஆயில் பூசுங்கள். டர்பன் ஈரத்தில் சோறு தின்றுவிட்டு வருவதற்குள் மறுபடி செம்மண் நிறம் வந்திருக்கும்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது ஏர் அடிக்க வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். இந்த நாட்டில் 2008-லேயே தடை செய்த சரக்கு. தண்ணீரில் நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டி ஒதுக்கிவிடுங்கள்.

வாங்குவதும் பூட்டுவதும்

இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும்போது சுங்கத்தோடு 15 சதவீத வாட் வரியும் சேரும், அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு உள்ளூர் லேத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்பிண்டில், புஷ், ஸ்டட் எல்லாம் இங்கேயே செய்வது லாபம். பிஸ்டன், ரிங், வால்வ், பல்சக்கரம் வரவழைப்பதே நல்லது. புதிதாகச் செய்து விற்கும் பாகங்களில் கிக்கர், கியர் சம்பந்தப்பட்டவை வந்தால் தெரியாத ஓரத்தில் அரத்தை இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் கெட்டியாக்கப்பட்டது. கடித்தால் திருப்பி அனுப்புங்கள். பேரிங் முகத்தில் ஆர்எல்எஸ், ஆர்எம்எஸ் என்று இருந்தால் இன்ச் அளவு. இன்னும் செய்கிறார்கள், மெட்ரிக்கைவிட விலை கூட.

பூட்டும்போது எல்லாவற்றுக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுகிற மோகம் கடலோரத்தில் தவறான மோகம். அலுமினிய கேஸில் ஸ்டெயின்லெஸ் இறங்கினால் உப்பு ஈரத்தில் அரிபடுவது கேஸ்தான். போட்டே ஆக வேண்டுமென்றால் மரை முழுக்கத் துரு தடுக்கும் பேஸ்ட் பூசிப் போடுங்கள். ஃபோர்க், பிரேக், சக்கர ஸ்பிண்டிலில் கடை ஸ்டெயின்லெஸ் வேண்டவே வேண்டாம், பலம் போதாது. செம்புக் கிரீஸை எக்ஸாஸ்ட் பக்கத்து இரும்பு மரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹெட் நட்டுகளைப் படிப்படியாக, எதிரெதிராக இறுக்கி, முதல் தடவை இன்ஜின் நன்றாகச் சூடாகி முழுக்க ஆறிய பிறகு இன்னொரு சுற்று இறுக்குங்கள்.